ஏட்டுப் பாடபேதமும் இயங்குதளச் சோதனையும்

ஒரு நூல் பல ஏடுகளில் பலவாறு காணப்படுதலைப் பாடபேதம் என்கிறோம். உ.வே.சா. பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கணினித் தமிழும் இதே சிக்கலைக் கடந்தே வந்துள்ளது.

1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்பதே நிலை. ஒரு கணினியில் பாட்டாக இருந்தது மற்றொன்றில் குப்பையாகத் தெரிந்தது. 1999இல் திஸ்கி ஒரு பொது வழியைக் காட்டியது. பின்னர் ஒருங்குறி பரவியது.

எனினும் ஒருங்குறி எழுத்துக்கு எண் தந்ததேயன்றி வடிவம் தரவில்லை. நம் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரின் பெயரையே காண்போம். 'சே' என்பதில் சகரம் முதலிலும் ஏகாரக் குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. திரையிலோ குறி முன்னே நிற்க வேண்டும். இவ்வாறு இடம் மாற்றி அமைக்கும் நிரல் விண்டோசில் ஒன்று, மேக்கில் வேறொன்று, லினக்சில் பிறிதொன்று.

இவ்வேறுபாட்டைக் களைய முனைந்தவற்றுள் ஒன்று ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றில் எழுத்தை அமைப்பது இதுவே. 2012ஆம் ஆண்டளவில் இதனை ஆக்கியோர் விக்கிப்பீடியாவிலிருந்து தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் சொற்களைத் திரட்டி, மைக்ரோசாஃப்டின் யூனிஸ்கிரைப் தரும் வடிவத்தோடு ஒப்பிட்டனர். இன்று நிரலில் ஒரு வரி மாறினும், லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகியவற்றில் சோதனைகள் தாமே ஓடுகின்றன. பிழை நேரின் உடனே தெரிகிறது. இம்முறைக்குத் தொடர் ஒருங்கிணைப்பு என்று பெயர்.

ஆயினும் சோதனை, கொடுத்த விடையோடு ஒப்பிடுமே தவிர, அவ்விடை சரிதானா என வினவாது. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். எல்லாத் திரைகளிலும் வடிவம் ஒன்றே. ஆனால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாத தேடுநிரலில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. வடிவத்தை மட்டும் நோக்கும் சோதனை இதனை அறியாது.

ஏடுகள் ஒத்திருப்பதனாலேயே பாடம் செம்மையாகிவிடாது என்பதைப் பதிப்பாசிரியர்கள் அறிந்திருந்தனர். எது சரியான விடை என்று எழுதித் தருவது நிரலர்க்கு மட்டும் உரிய பணியன்று; தமிழ் பயின்றோர்க்கும் உரியது. அவ்விடத்தை நாம் வெறுமையாக விட்டால், பிறர் எழுதிய விடையே எல்லாக் கணினிகளிலும் நம் தமிழாகிவிடும்.