சித்தேரிப் பேச்சு எந்தக் கட்டத்தில்?

சித்தேரி மலைக்காரர் ஒருவரிடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்னன்னு கேட்டால் ‘தமிழ்’ என்பார். எழுதுகிறவரும் தமிழ் என்றே எழுதிக்கொண்டு போவார். தப்பில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

தர்மபுரி மாவட்டத்தில், அரூர்ப் பக்கம் இருக்கிற மலை. வாச்சாத்தி என்றால் சட்டென்று தெரியும். அது இதன் அடிவாரம். இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது இவர்களுடைய பூர்விகக் கதை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலேயே அது பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இவர்கள்தான். 2011 கணக்குப்படி மூன்றரை லட்சத்துக்கு மேல். இன்னொரு வேடிக்கை: தர்மபுரி, சேலம் மாவட்டங்களில் இவர்கள் பழங்குடி, ஈரோட்டு மலைகளில் அதே ஜனங்கள் பட்டியலில் இல்லை. இனமே மாவட்டக் கோட்டில் மாறும்போது பேச்சுக்கு என்ன மரியாதை கிடைத்துவிடப் போகிறது?

இப்போது நீலகிரிக்குப் போவோம். 1935இல் எம்.பி. எமனோ என்ற கனடாக்காரர் அங்கே வந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் படித்தவர், எட்வர்ட் சபீரிடம் மொழியியல் கற்றவர். 1938 வரை இந்தியாவில் இருந்து தோடம், கோத்தம் முதலிய மொழிகளை எழுதியெடுத்தார். கோத்த மொழியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுள்ளி. தன் இனத்தில் முதலில் ஆங்கிலம் படித்தவர், பள்ளி ஆசிரியர். டேவிட் மேண்டல்பாம் என்ற மானிடவியலாளருக்கும் அவரே வழிகாட்டி. ‘தகவலாளி’ என்று நம் ஆய்வேடுகள் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் ஆள் இவர். என்னைக் கேட்டால் அந்த ஆய்வில் பாதி சுள்ளியுடையது. கோத்தர் கதைகள் கலிஃபோர்னியாவில் அச்சாயின, தோடர் பாட்டுகள் 1971இல் ஆக்ஸ்ஃபோர்டில், தோட இலக்கணம் 1984இல் ஃபிலடெல்ஃபியாவில். ஊட்டிக்கு வந்து சேர வேண்டிய புத்தகங்கள்!

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. எமனோ பெர்க்லியில் மொழியியல் துறையைத் தொடங்கினார். 1950களில் மேரி ஹாஸோடு சேர்ந்து கலிஃபோர்னியப் பூர்வகுடி மொழிகளுக்கான ஆய்வுத் திட்டத்தையும் உருவாக்கினார். மாணவர்கள் நோட்டுப்புத்தகத்தோடு போய், கடைசிக் கிழவர்கள், கிழவிகளிடம் கேட்டு எழுதிவந்தார்கள். பெட்டி பெட்டியாகக் காகிதம். 1990களில் அந்த இனங்களின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். ‘உயிர்மூச்சு’ என்று பொருள்படும் பெயரில் பெர்க்லியில் ஒரு பயிலரங்கு நடக்கத் தொடங்கியது. பேச ஆளே மிஞ்சாத மொழிக்காரர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து, ஒலிக்குறிகளை வாசிக்கப் பழகி, பாட்டி பேசிய வாக்கியத்தைக் காகிதத்திலிருந்து வாய்க்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாம்பனோவாக் இனத்து ஜெஸ்ஸி லிட்டில் டோ பெயர்ட் எம்.ஐ.டி.யில் கென் ஹேலிடம் மொழியியல் படித்து, 2000இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். 1663இல் அச்சான பைபிள் மொழிபெயர்ப்பும் பழைய பத்திரங்களும்தான் அவருக்குக் கைமுதல். அவர் மகள் அந்த மொழியைத் தாய்மொழியாகவே பேசி வளர்ந்தாள்.

நம்மிடமும் ஆய்வுக்குக் குறைவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையில் இருளத்துக்கும் கோத்தத்துக்கும் இலக்கணம் எழுதி முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். மைசூரில் 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது; பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளுக்கு 2013இல் தனித் திட்டமே வந்தது. இருளத்தைத் தனி மொழி என்று கமில் சுவெலபில் நிறுவினார். ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கு அதைத் தமிழின் கீழ்தான் வைக்கிறது. பர்ரோ – எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதியில் இருளத்துக்குச் சுருக்கக்குறி உண்டு, மலையாளிகள் பேச்சுக்கு இல்லை. அது ‘வட்டார வழக்கு’.

சரி, வழக்குதானே, அழிந்தால் என்ன என்று கேட்கலாம். தோட மொழிக்காவது ‘அழியும் மொழி’ என்ற பட்டம் கிடைக்கிறது, ஆள் வருகிறது, காசு வருகிறது. வழக்கு அழியும்போது யாருமே கவனிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் ‘கொச்சை’. பையன் பத்தாவது முடிப்பதற்குள் வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று பேசப் பழகிவிடுகிறான். சேலத்துக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போனதும் வீட்டுப் பேச்சையும் விட்டுவிடுகிறான். இதில் மொழி ‘இறந்த’ நாள் என்று ஒன்றைக் குறிக்கவே முடியாது.

சித்தேரிக்கு அதிகம் வந்தவர்கள் தாவரவியல்காரர்கள். மலையாளிகளின் மூலிகை அறிவைப் பட்டியல் போட்ட கட்டுரைகள் ஆய்விதழ்களில் இருக்கின்றன. லத்தீன் பெயர் சாய்வெழுத்தில் வரும், பக்கத்தில் உள்ளூர்ப் பெயர் ஆங்கில எழுத்தில். குறிலா நெடிலா, லகரமா ளகரமா, எதுவும் தெரியாது. பச்சிலை தப்பித்துவிட்டது, சொல் பாதியில் நிற்கிறது. அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர்கள் சித்தேரியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கல்லூரியில் சேரும்போது மொழியியல் என்று ஒரு படிப்பு இருப்பதையே யாரும் சொல்வதில்லை. நர்சிங், ஐ.டி.ஐ., பி.எட். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, வயிறு முதலில்.

ஆனால் ஒருத்தி வந்தாலும் போதும். சாமைக் கொல்லையில் விதைப்பு முதல் களம் வரை ஒவ்வொரு வேலைக்கும் அவள் பாட்டி என்ன சொல்கிறாள் என்று போனிலேயே பதியலாம். மூலிகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டுத் தமிழ் எழுத்தில் திருத்தலாம். முதல் பிரதி அண்ணாமலைக்குப் போவதற்கு முன்னால் சித்தேரிப் பள்ளிக்கூட அலமாரியில் இருக்கட்டும்.