நாற்பது பூக்களும் நான்கு துணிகளும்

ஜொகூர் ஆற்றங்கரையில் அரசு வீற்றிருந்த காலத்தே, 1612-ஆம் ஆண்டில், பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் மலாய் மன்னர் வரலாற்றைத் தொகுத்தெழுதும் பணியினை மேற்கொண்டார். அடுத்த ஆண்டே அச்சேயின் படை அவ்வரசைத் தாக்கிற்று. அந்நெருக்கடிக் காலத்தில் உருப்பெற்ற செஜாரா மெலாயு என்னும் நூலில், போர்களுக்கும் திருமணங்களுக்கும் நடுவே, துணி வாங்கச் சென்ற ஒரு தூதனின் கதையும் இடம்பெற்றிருக்கிறது.

மலாக்காவின் கடைசிச் சுல்தானாகிய மாமூட் ஷா, ஹங் நாடிம் என்பானைக் கெலிங் நாட்டிற்கு அனுப்பினார். மலாய் நூல்கள் இப்பெயரால் பெரிதும் சுட்டுவது சோழமண்டலக் கரையையே. நாற்பது வகைத் துணி வேண்டும்; ஒவ்வொரு துணியிலும் நாற்பது பூ வேண்டும் என்பது அரச ஆணை. கரை சேர்ந்த தூதன் ஓவியர்களை அழைத்தான். அவர்கள் வரைந்து காட்டிய பூ எதுவும் அவன் மனத்திற்கு ஒவ்வவில்லை. முடிவில் தானே எழுதுகோலெடுத்துத் தன் உள்ளத்திலிருந்த பூவைத் தாளில் எழுதிக் காட்டினான். உள்ளூர்க் கலைஞர் அவன் கைத்திறன் கண்டு வியந்தனராம்.

இவ்விடத்தைப் படிக்கும் தமிழ் மாணவர்க்குச் சற்றே மனத்தாங்கல் தோன்றலாம். துணியில் ஓவியந் தீட்டுவதையே குலத்தொழிலாகக் கொண்டோர் அயல்நாட்டுத் தூதனிடம் தோற்றனர் என்பது நம்பத்தக்கதா? அரசவை நூலுக்கே உரிய மிகை இதில் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மிகையை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது உண்மையான வணிக வழக்கம். சயாம், சாவகம், மலாக்கா என வாங்கும் நாட்டின் விருப்பத்திற்கேற்பவே இக்கரையில் துணிகள் வெவ்வேறு வகையாய் ஆக்கப்பட்டன. தென்கிழக்காசியாவிற்குத் துணியும் அணியும் நாமே வழங்கினோம் எனப் பெருமிதங்கொள்ளும் மேடைப் பேச்சுகள், பூவின் வடிவை யார் வகுத்தனர் என்று கேட்பதில்லை.

கையின் உழைப்போ சிறிதன்று. பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலால் கருங்கோடு எழுதுவர். சிவப்பு ஏற வேண்டிய இடங்களில் படிகார நீர் பூசுவர். பின்னர்ச் சாயவேர் இட்ட நீரில் கொதிக்கவிடுவர். நீலம் ஏறக்கூடாத பகுதிகளை மெழுகால் மூடுவர். ஒவ்வொரு நிறத்திற்கும் மறுபடி வெளுத்தல், மறுபடி உலர்த்துதல். இத்தொழிலைத் தமிழில் துணியில் ‘எழுதுதல்’ என்கிறோம்; ஓவியமும் எழுத்தும் நமக்கு ஒரே வினைச்சொல்லில் அடங்கும். மலாயில் ‘துலிஸ்’ என்பதும் அவ்வாறே. கையால் மெழுகிட்டு வரையும் பாத்தேக்கிற்கு ‘பாத்தேக் துலிஸ்’ என்றே பெயர். ஹங் நாடிமும் அவ்வோவியரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாவிடினும் ஒருவர் செயலை ஒருவர் அறிந்திருப்பர்.

வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் வாழும் அனிஷினாபே மக்களின் சடங்குடை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அவர்தம் உடையில் மின்னும் கண்ணாடி மணிகளும் பட்டு நாடாக்களும் ஐரோப்பிய வணிகர் கொணர்ந்தவை. முன்னர் முள்ளம்பன்றியின் முள்ளைச் சாயமிட்டுத் தைத்த கைகள், புதிய மணிகளைக் கோத்துத் தம் காட்டுப் பூவையும் இலையையுமே வடித்தன. பொருள் பிறருடையது, உடை அவர்களுடையது. மலாய் அரசவைக்கும் கெலிங் துணிக்கும் இருந்த உறவும் இதனையொத்ததே.

தூதனின் கதை இன்பமாக முடியவில்லை. சாபத்திற்கு ஆளானது என்று சொல்லப்பட்ட கப்பலிலேயே அவன் திரும்பினான். வேறு கப்பலுக்குக் காத்திருந்தால் காலம் தாழும் என எண்ணினான். கப்பல் கடலில் மூழ்கிற்று. அரசர்முன் அவன் வைக்க முடிந்தவை நான்கே துணிகள். அரசர் சினந்தார். கடலடி சேர்ந்த துணிகளை எழுதியவர் பெயர் ஒன்றையும் நூல் கூறவில்லை. 1511-இல் மலாக்காவும் போர்த்துகீசியர் வசமாயிற்று; மாமூட் ஷாவின் வழியினரே பின்னர் ஜொகூரில் அரசமைத்தனர்.

இன்று ஜொகூருக்கே உரியதெனப் போற்றப்பெறும் உடையில் அந்த நாற்பது பூக்களைக் காண இயலாது. சிங்கப்பூரின் தெலோக் பெலாங்காவிலிருந்த ஆட்சிப்பீடம் ஜொகூர் பாருவிற்கு மாறியதன் நினைவாக, 1866-இல் அபு பக்கார் இவ்வுடையை வகுத்தார் என்பது மரபு. அப்போது அவர் தெமெங்கோங். மகாராஜா என்னும் பட்டம் 1868-இலும் சுல்தான் பட்டம் 1885-இலும் வந்தன. இச்சட்டைக்குக் கழுத்துப்பட்டி இல்லை, பொத்தான் ஒன்றே. ஆண்கள் இடைத்துணியைச் சட்டைக்கு உள்ளே உடுத்துவர். அழகு முழுவதும் கழுத்தோரத் தையலில் ஒடுங்கியுள்ளது. நெருக்கமாய்ச் சாய்ந்தோடும் அத்தையலுக்கு ‘துலாங் பெலுட்’, அதாவது விலாங்கின் எலும்பு, என்று பெயர். தேர்ந்த தையற்காரர் அதனை இன்றும் ஊசியும் நூலும் கொண்டு கையாலேயே இடுகின்றனர்.