இணையும் பிணையும்: ஒரு சொல்லின் வரலாறு (போடிமெட்டு எல்லையை முன்வைத்து)

ஆங்கிலத்தில் இரண்டைக் குறிக்க அன்றாடம் வழங்கும் சொற்களுள் 'பேர்', 'கப்பிள்' என்னும் இரண்டும் தலையாயவை. இவை இலத்தீனிலிருந்து பழம் பிரெஞ்சு மொழியின் வழியே ஆங்கிலத்தை அடைந்தவை. முன்னதன் வேர் 'ஒத்தது' எனப் பொருள்படும் 'பார்'. பின்னதன் வேர் 'கட்டு', 'தளை' எனப் பொருள்படும் 'கோபுலா'. ஒப்புமையால் இரண்டாதலும் பிணைப்பால் இரண்டாதலும் அங்குத் தோற்றத்திலேயே இருவேறு சொற்களாக நின்றன. வழக்கில் அவை பலபடக் கிளைத்துக் கலந்துவிட்டன என்பது வேறு. கத்தரிக்கோல் ஒன்றேயாயினும் ஆங்கிலேயர் அதனை 'ஒரு பேர்' என்பர். 'கப்பிள்' கணவன் மனைவியர்க்கும் வரும், 'இரண்டொன்று' என்னும் உறுதியற்ற எண்ணிக்கைக்கும் வரும். ஒப்புப் பொருள் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு விளையாட்டு நடுவரைக் குறிக்கும் 'அம்பயர்' என்னும் சொல்லே சான்று. 'ஒத்தவர் அல்லாதவர்', அதாவது இருவருள் எவரோடும் சேராத மூன்றாமவர் என்பதே அதன் பழம்பொருளாகும்.

தமிழில் இவ்விரு பொருளையும் 'இணை' என்னும் ஒரே சொல் சுமக்கிறது. 'இணையற்ற புலவர்' என்னுமிடத்து ஒப்பு. 'இணைப்புச் சாலை' என்னுமிடத்துப் பிணைப்பு. ஒத்த இரண்டா, ஒன்றனோடு சேர்க்கப்பட்ட மற்றொன்றா என்னும் வினாவிற்குச் சொல் தானாக விடை தருவதில்லை. இந்த இருபொருள் தன்மை அகராதியோடு நின்றுவிடவில்லை. தமிழகத்தின் மேற்கெல்லை வரலாற்றிலும் புகுந்தது. தேனி, இடுக்கி மாவட்டங்கள் சந்திக்கும் போடிமெட்டு அதனைக் காண்பதற்கு ஏற்ற இடமாகும்.

இலக்கண மரபில் இணை

யாப்பிலக்கணத்தில் 'இணை' தெளிவான கலைச்சொல். ஓரடியின் முதற்சீரிலும் இரண்டாம் சீரிலும் தொடை அமைவது இணை. முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் அமைவது பொழிப்பு. முதற்சீரிலும் நான்காம் சீரிலும் அமைவது ஒரூஉ. ஆக, இணை என்பதற்கு இங்கே இரண்டு கட்டுப்பாடுகள் உள்ளன. இரண்டும் அடுத்தடுத்து இருத்தல் வேண்டும். இரண்டும் வேறு சீர்களாய் இருந்து ஓர் ஒலியால் ஒத்தல் வேண்டும். 'இரட்டை' இவ்வாறன்று. யாப்பருங்கலக்காரிகை கூறும் இரட்டைத் தொடையில் ஒரே சொல் அடி முழுதும் திரும்ப வருகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும் இரட்டைக்கிளவியோ பிரித்தால் பொருளே தராது. இரட்டையில் ஒன்றே இருமுறை நிற்கிறது. இணையில் இரண்டு தத்தம் தன்மை குன்றாமல் நிற்கின்றன. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் பள்ளிகளில் இன்றும் 'இணைமொழி' என ஒரு பகுதியும் 'இரட்டைக்கிளவி' எனத் தனியே ஒரு பகுதியும் கற்பிக்கப்படுவது இப்பழம் பகுப்பின் தொடர்ச்சியே. 'மேடு பள்ளம்' இணைமொழி; 'சலசல' இரட்டைக்கிளவி.

அண்டைச் சொற்களையும் சேர்த்துப் பார்த்தல் தகும். 'துணை' உடனிருப்பதைக் குறிக்கும். 'அத்துணை', 'தினைத்துணை' என்னும் வழக்குகளில் அளவையும் குறிக்கும். 'பிணை' கட்டையும் ஈட்டையும் குறிக்கும். களத்தில் கதிர்மேல் சுற்றிவரும் மாடுகளின் வரிசை பிணையல். தொல்காப்பிய மரபியல் பெண்பாற் பெயர்களுள் ஒன்றாகவும் 'பிணை'யை வைக்கிறது. பிரிவே அறியாத நீர்ப்பறவை இரண்டினைப் பாடும் குறுந்தொகை 57ஆம் பாட்டு அவற்றின் உறவை 'புணர்ச்சி' என்கிறது. சங்கப் புலவர்க்கு இரண்டின் உறவைச் சொல்லச் சொற்பஞ்சம் இருந்ததில்லை என்பது தெளிவு. 'சோடி' இவற்றுள் மிகப் பிந்தியது. வடபுலத்து 'ஜோடி'யே மராத்தி, தெலுங்கு, கன்னட வழக்குகளோடு கலந்து இங்கு வந்தது. மாட்டுச் சந்தையிலும் செருப்புக் கடையிலும் இன்று அதுவே ஆட்சி செய்கிறது. உழவர் மட்டும் உழவுமாடு இரண்டினை 'ஓர் ஏர் மாடு' என்று, கருவியால் எண்ணும் பழைய முறையை விடவில்லை.

மெட்டின் இருபுறம்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியே ஏறும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அப்பால் பூப்பாறை, சின்னக்கானல், தேவிகுளம், மூணாறு. ஊர்ப்பெயரின் ஈறே ஓர் இணை. போடிமெட்டு, கம்பம்மெட்டு என 'மெட்டு' என்றும், பீர்மேடு, இராமக்கல்மேடு என 'மேடு' என்றும் இவ்வட்டாரத்தில் உயர்நிலம் பெயர்பெறுகிறது. தெலுங்கின் 'மெட்ட' என்பதும் இவற்றோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது.

எல்லையைத் தாண்டியதும் 'இணை' 'இண' ஆகிறது. 'துணை' 'துண' ஆகிறது. மலை மலயாவதும் தலை தலயாவதும் போன்ற ஒழுங்கான ஒலிமாற்றமே இது. பொருள்மாற்றம் அத்துணை எளிதன்று. மலையாளத்தில் 'இண' பெரும்பாலும் விலங்கு, பறவை, மனிதர் ஆகியோரின் ஆண்பெண் சேர்க்கையைச் சுட்டி நிற்கிறது. தமிழில் அலுவலகம் முதல் கணிதம் வரை பரவிய சொல் அங்கு உயிர்களின் உறவுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் வினைவடிவங்களில் இரு மொழியும் ஒன்றாகவே நடக்கின்றன. தமிழில் இணங்குதலும் பிணங்குதலும் எதிரெதிராவது போல, மலையாளத்தில் 'இணக்கமும் பிணக்கமும்' ஒரே மூச்சில் சொல்லப்படும் தொடராகும். கட்டு இறுகினால் சிக்கல், சிக்கலே பூசல். 'பிணை' இவ்வாறு பகையாகவும் திரிந்தது.

வாழ்க்கை நிலையில் இம்மலையின் கட்டு கிழக்கு நோக்கியே வலுவாக இருந்தது. வண்டிச்சாலைகள் வருமுன் கணவாய்களில் சரக்கேற்றியவை பொதிமாடுகள். முதுகின் இருபுறமும் தொங்கும் பொதிகள் எடையால் ஒத்தும் கயிற்றால் பிணைந்தும் இருந்தாலன்றி மாடு மலையேறாது. இணையின் இரு பொருளும் பிரியாது நின்ற இடம் அது எனலாம். பின்னர் மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப்பாதை வழியே டாப் ஸ்டேஷனை அடைந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடியைச் சேர்ந்தது. அப்பாதையை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. மதுரை – போடி இருப்புப்பாதை 1928இல் வந்தது. இடுக்கியின் ஏலக்காய் இன்றும் இடுக்கியிலுள்ள புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடியிலுமாக இரு மையங்களில் ஏலம் விடப்படுகிறது. தேனிப் பகுதியிலிருந்து நாள்தோறும் சீப்புகளில் மலையேறும் தோட்டத் தொழிலாளர்க்கு மாநில எல்லை வேலைக்குச் செல்லும் வழியில் வரும் ஓரிடம் மட்டுமே.

இணைப்பும் ஐக்கியமும்

இச்சொல் அரசியல் முழக்கமானது 1950களில். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய ஒன்பது வட்டங்களுள் தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றோடு பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரும் அடங்கும். 1954இல் மூணாற்றுப் பகுதித் தமிழ்த் தொழிலாளர்க்கு ஆதரவாக எழுந்த கிளர்ச்சி தெற்கே பரவி, அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று துப்பாக்கிச்சூட்டில் உயிர்ப்பலி கொண்டது. தமிழர் இப்போராட்டத்தின் இலக்கை 'இணைப்பு' என்றனர். மலையாளிகளின் குறிக்கோள் 'ஐக்கிய கேரளம்'. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்ததை அவர்கள் குறித்த சொல் 'லயனம்'. ஐக்கியம் ஒன்றாதல், லயனம் கரைந்து கலத்தல், இணைப்பு இரண்டு சேர்ந்து நிற்றல். ஒரே வகை நிகழ்ச்சிக்கு இரு மொழியினர் தேர்ந்த சொற்களில் இருவேறு கற்பனைகள் உள்ளன. தாய்நிலத்தோடு சேர்தலை விரும்பிய தமிழர், சேர்வோர் தம் வடிவிழக்காத ஒரு சொல்லைக் கைக்கொண்டது தற்செயலாக இருக்கலாம், ஆயினும் கருதத்தக்கது.

1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், இம்மலைத் தமிழரைப் பெரும்பாலும் நிலையாகத் தங்காத தோட்டத் தொழிலாளராகவே கருதியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதன்பின் அவ்விரு பெயரும் தமிழ் எழுத்துகளில் பிரியாத இணைமொழியாயின. முதலமைச்சர் காமராசர் கூறியதாக மக்களிடையே வழங்கும் 'குளமாவது மேடாவது' என்னும் தொடர் அவ்விணைமொழியை ஈறுபிரித்து ஆடிய சொல்லாட்டே. அவர் அதனைக் கூறினாரோ இல்லையோ, அது எழுபதாண்டாய் நிலைத்தமைக்குக் காரணம் குளம், மேடு என்னும் சொற்கள் இயல்பாகவே பள்ளமும் மேடுமாய்ப் பொருந்தியதாகும்.

பிற்காலத் தமிழ் இச்சொல்லை இரு திசையில் இழுத்தது. ஆட்சித்தமிழில் அது படிநிலைக்குப் போயிற்று. இயக்குநர்க்குக் கீழே இணை இயக்குநர், அவர்க்குக் கீழே துணை இயக்குநர். பேராசிரியர்க்குக் கீழே இணைப் பேராசிரியர். ஒத்தவர் என்னும் பொருளுடைய சொல் ஒருபடி தாழ்ந்தவர்க்கு இடப்பட்டது விந்தையே. பெயரளவில் சமமும் ஊதியத்தில் வேறுமாகிய நிலைக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைத்திராது. மறுதிசையில், சுயமரியாதை இயக்க மரபினர் மனைவிக்கு வழங்கிய 'வாழ்க்கைத் துணை'யை விடுத்து, இருபாலார்க்கும் பொதுவாக 'இணையர்', 'வாழ்விணையர்' என வழங்கலாயினர். 1967இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஏற்புப்பெற்ற சுயமரியாதைத் திருமணத்தின் கருத்துக்கு 'துணை' போதவில்லை. ஒப்புப் பொருள் தேவைப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் பரவிய 'இணையம்' மூன்றாம் வழி. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அச்சொல் நிலைபெற்றிருந்தது. எண்ணற்ற கணினிகளின் தொடர்புக்கு, இரண்டைக் குறித்த சொல் விரிந்துவிட்டது.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் வந்தது. அச்சட்டமும் அதன் பின்னைய திருத்தமும் அம்மாநிலத் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் மடல் எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் வழிசெய்கின்றன. இடுக்கி மாவட்டம் 1972இல் அமைந்தபின் தேவிகுளத்தார் விண்ணப்பிக்க வேண்டிய மாவட்ட அலுவலகமும் மலைமேலேயே வந்தது. தமிழ் மடலோடு சேர்த்தனுப்பும் படிகளை மடலின் அடியில் 'இணைப்பு' எனக் குறிப்பது அலுவலக மரபு. மலையாள மடல்களில் அவ்விடத்தே எழுதப்படும் சொல் 'உள்ளடக்கம்'.