சாய்வு நாற்காலியும் 16 மீட்டர் பாரிசும்

நவீன அறைகலன் வரலாறு என்றாலே ஆண் மேதைகளின் வரிசை. ஷார்லோத் பெரியானை (1903–1999) முன்வைத்து இந்த வரிசையைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

1927இல் வேலை கேட்டுப் போனபோது, இங்கே தலையணைக்குப் பூவேலையெல்லாம் பண்றதில்லை என்று லெ கொர்புசியே திருப்பி அனுப்பியதாகப் பின்னாளில் அவரே எழுதினார். அதே ஆண்டு பாரிசின் இலையுதிர்காலக் கலைக்கண்காட்சியில் அவர் உலோகத்தில் அமைத்த மதுவறையைப் பார்த்த பிறகுதான் கதவு திறந்தது. உருக்குக்குழாய்ச் சாய்வு நாற்காலியின் காப்புரிமை 1929இல் மூவர் பெயரில் பதிவானது: லெ கொர்புசியே, பியேர் ழான்னரே, பெரியான். 1940இல் ஜப்பான் போனவர் அதே நாற்காலியை மூங்கிலில் செய்துகாட்டினார். 1960களிலோ கசினா நிறுவனம் அதைக் கொர்புசியேயின் முதலெழுத்துகளைச் சூட்டி 'எல்சி' வரிசையில் விற்றது. சந்தைக்கு ஒரு மேதை போதும், இல்லையா?

நாற்காலியின் புகழ்பெற்ற புகைப்படத்தில் சாய்ந்திருப்பவர் பெரியான்தான். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஆணின் படைப்பில் கிடத்தப்பட்ட பெண்ணுடல் என்று வாசித்து முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அவர் காமிராவுக்குப் பின்னாலும் நின்றவர். 1936இல் பாரிஸ் வீட்டுச்சாதனக் கண்காட்சியில், புதுச்சாமான் விற்கிற கூடத்திலேயே, 'பாரிசின் பெருந்துயரம்' என்ற புகைப்பட ஒட்டுச்சித்திரத்தைச் சுமார் 16 மீட்டர் நீளத்துக்கு வைத்தார். காற்றும் வெளிச்சமும் இல்லாத குடியிருப்புகளின் நகரம் அதில் இருந்தது.

அவருடைய நாற்காலியே ஏழைக்கு எட்டாத விலைதான். இந்த முரணை மறைக்க வேண்டியதில்லை. பறிபோன பெயரை மீட்பதோடு நம் வேலை முடியாது. நல்ல பொருள் யாருக்கு என்ற கேள்வியையும் அந்தச் சுவரிலிருந்து சேர்த்தே மீட்கவேண்டும்.