சிறு உலாவி விளையாட்டுகளும் ஆட்டக்காரர் பின்னூட்டமும்

கணினியில் தனியே நிறுவாமல் இணைய உலாவியிலேயே ஓடும் சிறு விளையாட்டை ஆடிப் பார்த்தவர், அதில் தனக்கு நேர்ந்ததை உருவாக்கியவருக்கு எடுத்துச் சொல்வது ஆட்டக்காரர் பின்னூட்டம். பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்துச் சோதனையாளர்களை வைத்துக்கொள்கின்றன. ஒருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் செய்யும் விளையாட்டுக்கு அந்த வசதி கிடையாது. முகம் தெரியாத ஆட்டக்காரர் எழுதும் நாலு வரிதான் பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் ஒரே சோதனை.

உலாவி விளையாட்டுகள் ஃபிளாஷ் என்ற செருகுநிரலில் ஓடிய காலத்தில் இந்த வழக்கம் வேரூன்றியது. டாம் ஃபல்ப் 1995இல் தொடங்கிய நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் புதிய படைப்புகளுக்கு ஆட்டக்காரர்கள் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டார்கள். மிகக் குறைவாகப் பெற்றவை நீக்கப்பட்டன. தரம் பிரிக்க இது உதவியது. ஆனால் ஒன்றரை மதிப்பெண் வாங்கியவருக்கு எதைத் திருத்துவது என்பது அதிலிருந்து தெரியவராது. 2002இல் தொடங்கிய லடம் டேர் என்ற விளையாட்டு உருவாக்கும் போட்டியில் வேறு ஏற்பாடு: பங்கேற்பவர்களே ஒருவர் விளையாட்டை மற்றவர் ஆடி, புதுமை, ஒலி, மனநிலை எனப் பிரிவு வாரியாக மதிப்பிட்டுக் குறிப்பும் எழுதுகிறார்கள். 2012 முதல் நடக்கும் ஜேஎஸ்13கே போட்டியில் முழு விளையாட்டும் சுருக்கப்பட்ட 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அங்கே ‘இன்னும் நாலு கட்டம் சேர்க்கலாம்’ என்ற யோசனைக்குப் பெரிய பயன் இல்லை. எந்த வரம்புக்குள் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு எழுதுவது நல்ல பின்னூட்டத்தின் முதல் தேவை.

பின்னூட்டத்தில் இரண்டு பொருள்கள் கலந்து வரும்: நடந்தது என்ன, அதற்கு என்ன செய்யலாம். முதலாவதில் ஆட்டக்காரர் சொல்வதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவதில் அவர் அடிக்கடி தவறுகிறார். தாவிச் செல்லும் விளையாட்டு ஒன்றில், ‘கன்ட்ரோல் மோசம்’ என்று ஒருவர் எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘மூன்றாம் கட்டத்தில் முள்ளுக்கு முந்தைய மேடை குட்டையாக இருக்கிறது, நீளமாக்குங்கள்’ என்பது துல்லியமாகத் தோன்றினாலும் திசை திருப்பிவிடும். ‘அந்த மேடையின் விளிம்பில் குதிக்கும் விசையை அழுத்தினேன், பலமுறை குதிக்காமலே விழுந்தது’ என்பதே பயன்படும் வரி. அதைப் படிக்கும் நிரலாளருக்குக் காரணம் விளங்கிவிடும்: விசை அழுத்தப்பட்ட கணத்தில் பாத்திரத்தின் கால் மேடையைவிட்டு ஓரிரு சட்டகம் (ஃபிரேம்) முன்பே விலகியிருக்கிறது, காற்றில் இருப்பதாகக் கணக்கிட்டு நிரல் குதிக்க விட மறுக்கிறது. விளிம்பைத் தாண்டிய பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சலுகை கொடுப்பது இதற்கு வழக்கமான மருந்து. துறையில் இதை ‘கயோட்டி டைம்’ என்பார்கள். மேடையை நீட்டியிருந்தால் அடுத்த மேடையிலும் இதே குறை தொடர்ந்திருக்கும்.

உலாவி விளையாட்டில் குறை எப்போதும் விளையாட்டிலேயே இருப்பதில்லை. பாதி, ஆடும் சூழலில் இருக்கிறது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்து எல்லாம் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறிய பின் இது இன்னும் வெளிப்படை. நகர்வைத் திரைச் சட்டகத்தோடு கட்டிப்போட்டு எழுதிய விளையாட்டு, 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக ஓடி, 144 ஹெர்ட்ஸ் திரையில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேகத்தில் பறக்கும். ‘மிகக் கடினம்’ என்று வரும் புகார்களில் சில இப்படிப் பிறந்தவையே. கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பாத்திரம் குனிவதோடு இணையப் பக்கமும் சேர்ந்து நகர்வது, ஆட்டக்காரர் ஒருமுறை சொடுக்கும்வரை ஒலியை உலாவி தடுத்துவைப்பது, நகர்வுக்கான டபிள்யூ-ஏ-எஸ்-டி விசைகளில் சில பிரெஞ்சு விசைப்பலகையில் இடம் மாறியிருப்பது ஆகியவையும் இந்த வகை. ஆகவே உலாவி, அதன் பதிப்பு, கணினியா கைபேசியா, எந்தத் திரை என்ற விவரங்கள் ஒரே வரியில் வந்தாலும் போதும்.

விளையாட்டைக் கற்றுத்தரும் தொடக்கக் கட்டத்துக்குத்தான் பின்னூட்டம் மிக அரிது. உருவாக்கியவருக்கு எல்லா விசையும் மனப்பாடம். அவரால் அதைப் புதியவராக ஆடவே முடியாது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரே ஒருமுறைதான் புதியவர், எனவே அந்த முதல் சில நிமிடங்களின் குறிப்பு மறுபடி கிடைக்காது. ஆடிக்கொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும் முறை இங்கே பொருத்தமானது. ஐபிஎம்மில் பணியாற்றிய கிளேட்டன் லூயிஸ் 1980களின் தொடக்கத்தில் இதை மென்பொருள் சோதனைக்குக் கொண்டுவந்தார். பக்கத்தில் இருக்கும் உருவாக்குநர் விளக்கம் சொல்லாமல் இருப்பதே இதில் கடினமான பகுதி. சலித்துப்போய் மூடிவிட்டவர்கள் எதுவும் எழுதுவதில்லை. ‘இந்த இடத்தில் விட்டுவிட்டேன்’ என்ற ஒரு வரிக்கு அதனாலேயே மதிப்பு அதிகம்.

விளையாட்டு செய்யக் கற்பிக்கும் பாடங்களுக்கும் இதே முறை பொருந்தும். மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் செங்கல் உடைக்கும் விளையாட்டைப் பத்துப் படிகளில் கட்டும் பாடம் ஒன்று உண்டு. அதில் பந்தின் மையப்புள்ளி செங்கல்லுக்குள் வந்தால்தான் மோதலாகக் கணக்கிடப்படும்; பந்தின் ஓரம் செங்கல்லுக்குள் புகுந்தது போலத் தெரியும். இது பிழையன்று, தொடக்கநிலைக்காக எளிமைப்படுத்தியது. அதைக் குறையாக எழுதுவதைவிட, அங்கே ஒரு வரி விளக்கம் வேண்டும் என்று கேட்பது பயனுள்ளது. ‘ஓடவில்லை’ என்று எழுதுபவர் எந்தப் படி, உலாவியின் கன்சோலில் வந்த பிழைச்செய்தி என்ன என்பதைச் சேர்க்க வேண்டும். ஃபேசர் போன்ற நிரல் நூலகங்களைக் கற்பவர் கோப்பை நேரடியாகத் திறந்துவிட்டு வெற்றுத் திரையைப் பார்ப்பது வாடிக்கை. உள்ளூர் சர்வர் வழியாகத் திறந்தால் படங்கள் ஏறிவிடும்.

பாராட்டும் குறிப்பாக இருந்தால்தான் உதவும். ‘அருமை’ என்பது உற்சாகம் தரும், அவ்வளவே. ‘எதிரி விழும்போது வரும் சின்ன அதிர்வு நன்றாக இருந்தது’ என்றால், அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. பெறுபவர் ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் வாதம் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்துவைத்து, மூன்று நான்கு பேர் தனித்தனியே ஒரே இடத்தைச் சுட்டினால் நிரலைத் திறப்பது அனுபவசாலிகளின் வழக்கம். திருத்திய பிறகு பதிப்பு எண்ணை மாற்றி, புகார் சொன்னவரையே மறுபடி ஆடச் சொல்கிறார்கள். உலாவி பழைய கோப்பைச் சேமித்து வைத்திருக்கும் என்பதால், அவர் ஆடுவது புதிய பதிப்புதானா என்று திரையின் மூலையில் தெரியும் அந்த எண்ணை வைத்துத்தான் உறுதி செய்ய முடியும்.