கேரளத்தின் ஆவணப்பட விழாக்கள்: தோற்றமும் வளர்ச்சியும்
(பாலக்காட்டு எல்லைப் பகுதியை முன்வைத்து)

முன்னுரை

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயின் வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் வாளையாற்றைக் கடந்ததும் அடையும் தொழில் நகரம் கஞ்சிக்கோடு. 1976இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை இங்கு நிறுவப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஆலைகள் பல பெருகின. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் நிலத்தடி நீர், பழங்குடியினர் வாழ்வு, ஆலைக்கழிவு ஆகியவை குறித்து எழுந்த சிக்கல்கள் 2000ஆம் ஆண்டிற்குப் பின் ஆவணப்படங்களின் பாடுபொருளாயின. திரையரங்குகளில் இடம்பெறாத இத்தகைய படங்கள் மக்களைச் சென்றடைவதற்கு அமைந்த வழிகளுள் ஒன்று ஆவணப்பட விழா.

ஒரு விழாவின் வளர்ச்சியைத் திரையிடப்பட்ட படங்களின் தொகையையும் பங்கேற்ற நாடுகளின் தொகையையும் கொண்டு அளப்பது பொது வழக்கு. கேரளத்தின் ஆவணப்பட விழாவைப் பொறுத்தவரை அவ்வளவுகோல் போதுமானதன்று. ஒரு படத்தை மக்கள் முன் காட்டும் உரிமை யாருக்குரியது என்னும் வினாவே அவ்விழாவின் தோற்றத்திற்கும் வளர்ச்சிக்கும் அடிப்படையாக உள்ளது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழாவிற்கு முந்தைய நிலை

தமிழ் வாசகர்க்கு ஆவணப்படம் புதிய வடிவமன்று. ஏ.கே. செட்டியார் உலகின் பல பகுதிகளுக்கும் சென்று திரட்டிய காட்சிகளைக் கொண்டு உருவாக்கிய காந்தி பற்றிய ஆவணப்படம் 1940இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் 1948இல் மைய அரசு தோற்றுவித்த பிலிம்ஸ் டிவிஷன் என்னும் நிறுவனம் ஆவணப்படத் தயாரிப்பில் முதலிடம் பெற்றது. கதைப்படத்திற்கு முன்னர்த் திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டப்பெற்ற செய்திப்படங்கள் அந்நிறுவனத்தின் ஆக்கங்களே. படமெடுப்பதும் காட்டுவதும் அரசின் பணியாக இருந்தமையால், அரசின் நோக்கிலிருந்து வேறுபட்ட ஆவணப்படத்திற்குத் திரையரங்கில் இடம் அரிதாயிற்று.

இக்குறையைத் திரைப்படச் சங்கங்கள் ஓரளவு ஈடுசெய்தன. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் பிறரும் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்ரலேகா திரைப்படச் சங்கம் கேரளத்தில் இவ்வியக்கத்திற்கு வித்திட்டது. ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977) என்னும் தமிழ்ப்படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம் 1980களில் ‘ஒடேசா’ என்னும் கூட்டமைப்பை உருவாக்கினார். மக்களிடம் திரட்டிய பணத்தைக் கொண்டு ‘அம்ம அறியான்’ (1986) என்னும் படம் தயாரிக்கப்பட்டது. ஊர் ஊராகப் படக்கருவியைக் கொண்டுசென்று திரையிடுவதே ஒடேசாவின் நடைமுறை. படத்தை நாடி மக்கள் வருதல் என்னும் நிலை மாறி, மக்களை நாடிப் படம் செல்லுதல் என்னும் நிலை இதனால் உருவாயிற்று. பின்னர் எழுந்த ஆவணப்பட விழாக்களின் பார்வையாளர் இம்மரபின் வழியினர் எனலாம்.

சட்டமும் சான்றிதழும்

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுமக்கள் முன் காட்டப்பெறும் எப்படத்திற்கும் சான்றிதழ் தேவை. கதைப்படத்திற்கும் ஆவணப்படத்திற்கும் சட்டம் இதில் வேறுபாடு காட்டவில்லை. முன்தணிக்கை முறை அரசியலமைப்பிற்கு ஏற்புடையதா என்னும் வினாவை உச்சநீதிமன்றத்தில் எழுப்பிய வழக்கு ஓர் ஆவணப்படத்தின் பொருட்டே தொடுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. கே.ஏ. அப்பாஸ், நான்கு நகரங்களில் செல்வமும் வறுமையும் எதிரெதிரே நிற்பதைக் காட்டிய தம் குறும் ஆவணப்படத்திற்கு அனைவரும் காண்பதற்குரிய சான்றிதழ் மறுக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார். 1970இல் வழங்கப்பட்ட தீர்ப்பு முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டது.

அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, சான்றிதழ் பெறுவதிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை மைய அரசிற்கு வழங்குகிறது. திரைப்பட விழாக்கள் இவ்விலக்கைக் கொண்டே நடைபெறுகின்றன. விழாவின் தேர்வுக் குழு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்த பின்னரும், தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இசைவு கிடைத்தால்தான் சான்றிதழற்ற படத்தைத் திரையிட இயலும். ஆகவே விழா என்னும் வெளி முற்றிலும் தன்னுரிமையுடையதன்று. ஆண்டுதோறும் கேட்டுப் பெறப்படும் இசைவின்மீது எழுப்பப்பட்டதாகும்.

இம்முரண் முதன்முதலில் பெரிய அளவில் வெளிப்பட்டது மும்பையில். 1990இல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கிய மும்பைப் பன்னாட்டு விழா, ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப்படம் ஆகியவற்றிற்கென ஈராண்டிற்கொரு முறை நடைபெறுவது. 2004ஆம் ஆண்டு விழாவில் இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதி அறிவிக்கப்பட்டபோது, ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். விதி திரும்பப் பெறப்பட்டது. எனினும் 2002ஆம் ஆண்டுக் குஜராத் வன்முறையைப் பற்றி ராகேஷ் சர்மா எடுத்த ‘ஃபைனல் சொல்யூஷன்’ உள்ளிட்ட பல படங்கள் விழாவிற்குத் தேர்வு செய்யப்படவில்லை. அவ்வியக்குநர்கள் அதே வேளையில் அதே நகரில் ‘விகல்ப்’ என்னும் மாற்று விழாவை நடத்தினர். அரசு விழா ஒன்றே விழாவன்று என்னும் எண்ணம் இந்நிகழ்வால் வலுப்பெற்றது.

திருச்சூர் விழாவும் பிளாச்சிமடைப் படங்களும்

‘விகல்ப்’ நிகழ்ந்த ஈராண்டுகளில், 2006இல், திருச்சூரில் ‘விப்ஜியார்’ என்னும் ஆவணப்பட, குறும்பட விழா தொடங்கப்பெற்றது. வானவில்லின் ஏழு நிறங்களைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது. பண்பாட்டு அமைப்புகளும் மக்கள் இயக்கங்களும் ஊடகப் பயிற்சி நிறுவனங்களும் கூடி நடத்திய இவ்விழா, படங்களோடு கருத்தரங்குகளுக்கும் பேருரைகளுக்கும் இடமளித்தது. கணவாய்ப் பகுதியினர்க்குத் தலைநகரைவிட அணுக்கமான நகரில் அமைந்தது என்பதும் இதன் சிறப்பு.

இவ்விழாவோடு நெருங்கிய தொடர்புடையவர் சி. சரத்சந்திரன். இவர் பி. பாபுராஜுடன் இணைந்து, மாவூர் ஆலையால் சாலியாற்றிற்கு நேர்ந்த கேட்டைப் பற்றி 1999இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அடுத்து இருவரும் கஞ்சிக்கோட்டிற்குத் தெற்கே, சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியிலுள்ள பிளாச்சிமடைக்குச் சென்றனர். அங்கு 2000இல் இயங்கத் தொடங்கிய கொக்கக் கோலா ஆலை நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சியதாகவும் கிணறுகள் கெட்டதாகவும் மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22இல் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலையின் இயக்கம் நின்றது. இப்போராட்டத்தைப் பற்றி இவ்விருவரும் 2003இல் ‘கய்ப்புநீர்’ என்னும் படத்தையும், 2006இல் ஆயிரம் நாள் போராட்டத்தைத் தொகுத்துரைக்கும் மற்றொரு படத்தையும் வெளியிட்டனர்.

இப்படங்களின் மதிப்பு போராட்டக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் பிளாச்சிமடை மக்களுக்கு நேர்ந்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைப்பதற்கான சட்டமுன்வடிவு 2011இல் கேரளச் சட்டப்பேரவையில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை. மயிலம்மா 2007இலேயே மறைந்தார். சட்டம் நிறைவேற்றாத கடமையை நினைவூட்டும் சான்றாகவும், மறைந்தோரின் குரலைப் பேணும் கருவூலமாகவும் ஆவணப்படம் நிற்பதை இங்குக் காணலாம்.

சரத்சந்திரன் படமெடுப்பதோடு அமையாது, தம் படங்களையும் பிறர் படங்களையும் ஊர்களுக்குக் கொண்டுசென்று காட்டுவதையும் தம் பணியாகக் கொண்டார். 2010இல் ரயில் விபத்தில் அவர் உயிரிழந்தார். விப்ஜியார் விழாவில் அவர் பெயரால் நினைவுப் பேருரை நிகழ்த்தப்பெற்றது.

திருவனந்தபுரம் விழாவின் தோற்றமும் விரிவும்

1998இல் நிறுவப்பட்ட கேரள மாநிலச் சலச்சித்திர அக்காதெமி, முதலில் கதைப்படங்களுக்கான பன்னாட்டு விழாவையே நடத்தி வந்தது. ஆவணப்படத்திற்கும் குறும்படத்திற்கும் எனத் தனி விழா 2008இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. பெருவிழாவின் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்த வடிவங்கள் இதனால் தமக்கெனத் திரையும் பார்வையாளரும் நடுவர் குழுவும் பெற்றன. இலக்கமுறைப் படக்கருவிகளின் வரவால் படமெடுக்கும் செலவு குறைந்தமையும் மாணவர் பலர் இத்துறையில் நுழைந்தமையும் விழாவின் விரிவிற்குத் துணைநின்றன. நெடிய ஆவணப்படம், குறும் ஆவணப்படம், குறுங்கதைப்படம், அசைவூட்டப்படம், கல்லூரி மாணவர் படம் எனப் பிரிவுகள் பெருகின.

2017இல் பத்தாவது விழாவும் 2019இல் பன்னிரண்டாவது விழாவும் நடைபெற்றன. பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் விழா நடைபெறவில்லை. பதின்மூன்றாவது விழா 2021 டிசம்பரிலும், பதினேழாவது விழா 2025 ஆகஸ்டிலும் நிகழ்ந்தன. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ முந்நூறு படங்கள் ஒவ்வொரு விழாவிலும் திரையிடப்படுகின்றன.

வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்றோரின் வரிசை விழாவின் நோக்கைப் புலப்படுத்துகிறது. ஆனந்த் பட்வர்தன் (2018), மதுஸ்ரீ தத்தா (2019), ரீனா மோகன் (2022), தீபா தன்ராஜ் (2023), காட்டுயிர்ப் படக்கலைஞர்களான பேடி சகோதரர்கள் (2024), ராகேஷ் சர்மா (2025) ஆகியோர் அவ்விருதைப் பெற்றனர். 2004இல் மும்பை அரசு விழா ஏற்காத படத்தின் இயக்குநரை 2025இல் ஒரு மாநில அரசின் நிறுவனம் சிறப்பித்தது என்பது இருபதாண்டு வரலாற்றின் திசையைக் காட்டும் செய்தியாகும்.

விலக்கு மறுப்பும் நீதிமன்றமும்

இவ்வளர்ச்சி தடையற்றதன்று. 2017ஆம் ஆண்டு விழாவில் மூன்று படங்களுக்கு மைய அமைச்சகம் தணிக்கை விலக்கை மறுத்தது. ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவின் இறப்பை ஒட்டிய நிகழ்வுகள், காஷ்மீர்க் கலைஞர்கள், ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் போராட்டம் ஆகியவை அப்படங்களின் பொருள்கள். மூன்றும் அண்மை நிகழ்வுகளை அவை ஆறுமுன்னரே பதிவு செய்தவை என்பது நோக்கத்தக்கது.

2019இல் இச்சிக்கல் மீண்டும் எழுந்தது. பகுத்தறிவாளர்களான நரேந்திர தபோல்கர், கோவிந்த் பன்சாரே ஆகியோரின் கொலைகளை ஆராயும் ஆனந்த் பட்வர்தனின் ‘விவேக்’ என்னும் படத்திற்கு விலக்குக் கிடைக்கவில்லை. கேரள உயர்நீதிமன்றம் ஜூன் மாதத்தில் அனுமதி வழங்கிய பின்னரே அப்படம் விழாவில் திரையிடப்பட்டது. இவ்வாணை ஒரு விழாவில் ஒரு படத்திற்குக் கிடைத்த வெற்றி. விலக்களிக்கும் அதிகாரமோ, அதனைக் கேட்டுப் பெறும் நடைமுறையோ மாறவில்லை. மாநில அரசின் நிறுவனம் மைய அரசின் இசைவை நாடி நிற்கும் இந்நிலை, ஆவணப்பட விழாவைக் கூட்டாட்சி உறவின் உரைகல்லாகவும் ஆக்கியுள்ளது.

எல்லைப் பகுதியும் பார்வையாளரும்

காட்டும் உரிமைக்கு இணையாகக் காணும் வாய்ப்பும் கருதப்பட வேண்டும். தலைநகரில் நடக்கும் விழா கஞ்சிக்கோட்டிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. பிளாச்சிமடையிலோ, 2015இல் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் பெண் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலோ உள்ள தமிழர் வாழ்வைப் படமாக்குவோர் அவற்றைத் தொலைவிலுள்ள அரங்கில் காட்டிப் பரிசு பெறலாம். படத்திற்குரியோர் அதனைக் கண்டனரா என்னும் வினா எஞ்சிநிற்கும்.

இங்குத் தமிழக ஒப்பீடு பயன் தரும். மதுரையில் 1998 முதல் ‘மறுபக்கம்’ அமைப்பு நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா தலைநகரைச் சாராது தோன்றியது. அதனை முன்னின்று நடத்தும் ஆர்.பி. அமுதன், மதுரைத் தூய்மைப் பணியாளர் ஒருவரின் அன்றாட வேலையைக் காட்டும் ‘பீ’ (2003) என்னும் படத்தை எடுத்தவர். படம் எடுக்கப்பட்ட மண்ணிலேயே விழாவும் வேரூன்றுதல் இயலும் என்பதற்கு இது சான்று.

கேரளத்திலும் அதற்கான முன்மாதிரி உண்டு. பெருந்தொற்றின்போது அக்காதெமி தன் இருபத்தைந்தாவது பன்னாட்டுத் திரைப்பட விழாவை நான்கு நகரங்களுக்குப் பகிர்ந்தளித்தது. அதன் நிறைவுப் பகுதி 2021 மார்ச் 1 முதல் 5 வரை பாலக்காட்டில் நிகழ்ந்தது. நெருக்கடியால் எடுக்கப்பட்ட முடிவாயினும், விழா கணவாயை நோக்கி நகர இயலும் என்பதை அது காட்டியது.

முடிவுரை

கேரளத்தின் ஆவணப்பட விழா மரபு திரைப்படச் சங்கங்களின் ஊர்த்திரையிடலில் கருக்கொண்டு, 2004ஆம் ஆண்டின் எதிர்ப்பால் உரம் பெற்று, 2006இல் திருச்சூரிலும் 2008இல் திருவனந்தபுரத்திலும் ஆண்டு விழாவாக நிலைபெற்றது. ஒவ்வொரு கட்டத்திலும் அதனை முன்செலுத்தியது திரையிடும் உரிமை பற்றிய வினாவே. அவ்வுரிமைக்காக நீதிமன்றம் வரை செல்லும் துணிவை 2019 வரையிலான காலத்தில் விழா பெற்றுவிட்டது. படத்தில் பேசும் மக்களிடம், அவர்கள் ஊரில், அவர்கள் மொழியில் அப்படத்தை மீண்டும் சேர்ப்பது அடுத்த கட்டமாகும். இருமொழி வழங்கும் கஞ்சிக்கோடும் சித்தூரும் மூணாறும் அதற்கு ஏற்ற களங்கள். ஒடேசாவும் சரத்சந்திரனும் தோளில் சுமந்த படக்கருவி சென்ற வழி அதுவே.