உடல் பருமன் அறுவை சிகிச்சை: நீண்டகாலக் கண்காணிப்பு

எடையைக் குறைப்பதற்காக இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் எடை, சர்க்கரை, ஊட்டச்சத்து, ஆயுள் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிந்து ஆராயும் முறை இது. இந்தச் சிகிச்சையின் முழுப் பலனும் கேடும் தையல் பிரிக்கும்போது தெரிவதில்லை. பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும்.

இதை மருத்துவ உலகம் நோயாளிகளின் துன்பத்திலிருந்துதான் கற்றது. 1950களில் அமெரிக்காவில் தொடங்கிய சிறுகுடல் மாற்றுப்பாதை சிகிச்சையில் எடை வேகமாகக் குறைந்தது. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்குக் கல்லீரல் செயலிழந்தது, சிறுநீரகக் கல் வந்தது. பலருக்கு மறுபடியும் வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. அந்த முறையே கைவிடப்பட்டது. 1966இல் இரைப்பை மாற்றுப்பாதை சிகிச்சையை வகுத்த அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன், 1986இல் நீண்டகாலக் கண்காணிப்புக்கென்றே ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்.

இத்துறையில் மிகப் பெரிய வெளிச்சம் சுவீடனிலிருந்து வந்தது. லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் 1987இல் தொடங்கிய ஆய்வில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 2,010 பேர், பெறாதவர்கள் 2,037 பேர். சர்க்கரை நோயுடன் வந்து அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 72 விழுக்காட்டினருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் தணிந்திருந்தது; பத்தாம் ஆண்டில் அது 36 விழுக்காடாகச் சரிந்தது. இரண்டு ஆண்டுகளோடு கணக்கை முடித்திருந்தால் அந்தச் சரிவை யாரும் அறிந்திருக்கமாட்டார்கள். நல்ல செய்தியும் பொறுமையால்தான் கிடைத்தது: சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாக 2020இல் வெளியான முடிவு காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் பெற்றவை இன்று வழக்கொழிந்த முறைகள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் உடல் பருமன் அறுவை மருத்துவர்களின் சங்கம் 2002இல் உருவானது. தேவை பெருகியிருக்கிறது: 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள்.

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் கண்காணிப்புக்குத் தடையாவது தொலைவு. சென்னையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிதம்பரத்துக்காரர் ஒவ்வொரு செக்கப்புக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். எடை குறைந்து உடம்பு லேசான பிறகு அந்தப் பயணம் அவசியமற்றதாகத் தோன்றுவது இயல்பு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் சரியாக உறிஞ்ச முடியாத வைட்டமின் பி12, கல்லீரலில் சேமிப்பாக இருப்பதால் தீரவே சில ஆண்டுகள் ஆகலாம். அதன் பிறகே கைகால் மரத்துப்போகும். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு இன்னும் எளிதில் வரும்.

இதற்கான வழி உள்ளூரிலேயே உண்டு. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று அரசு மருத்துவக் கல்லூரி. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அதே வழியில் அறுவை சிகிச்சை பெற்றவர்களின் எடையையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் ஆண்டுதோறும் பதிந்து, அறுவை செய்த மருத்துவமனைக்கு அனுப்ப அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, சிகிச்சை பெற்றவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருங்கள். எடை குறைந்துவிட்டது என்று சத்து மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். ஆண்டுக்கொரு முறையாவது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.